ஆட்டிசம் உள்ள இளைஞர்களும் அணியும் கருவிகளும்: நீலகிரிக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

நான் குன்னூரில் சிறப்பாசிரியர். என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பருவத்தைத் தாண்டியவர்கள். சிலர் கல்லூரிக்குப் போகிறார்கள், சிலர் கடையிலோ தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்திலோ வேலை பார்க்கிறார்கள், சிலர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். நாலு பேர் கூடும் இடத்தில் சமாளிக்க வாட்ச், ஹெட்போன், ஸ்மார்ட் கண்ணாடி இதெல்லாம் உதவுமா என்று அவர்களும் அவர்கள் வீட்டாரும் அடிக்கடி கேட்கிறார்கள். விளம்பரத்தை நம்பிப் பணத்தைக் கொட்டிவிட்டு ஏமாந்து நிற்கும் குடும்பங்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. சரியான ஒரு சின்னப் பொருள் கிடைத்ததும் ஒருவர் தனியாகவே ஊட்டி மார்க்கெட் போய்வருவதையும் பார்க்கிறேன். அதனால் பதில்களை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

அணியும் கருவி என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

உடம்பில் மாட்டிக்கொண்டே நடமாடக்கூடிய எல்லாவற்றையும். ஸ்மார்ட் வாட்ச், கைப்பட்டை, இயர்பட்ஸ், சத்தம் குறைக்கும் ஹெட்போன், கேமரா வைத்த கண்ணாடி, சிம் போட்ட ஜிபிஎஸ் வாட்ச். பேட்டரியே இல்லாத காது அடைப்பானையும் இதில் சேர்த்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரை அதிகம் கைகொடுப்பது அதுதான்.

என் மகனுக்கு 22 வயது. எந்த வாட்ச் வாங்கலாம்?

மகன் என்ன கேட்டார்? இதைத்தான் நான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

‘நாலு பேரோடு பழகக் கஷ்டப்படுகிறான்’ என்று நாம் ஒரே வரியில் சொல்லிவிடுகிறோம். உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கஷ்டம். ஒருவருக்குச் சத்தம் தாங்காது. இன்னொருவருக்குத் தன் உடம்பு களைத்துப்போனதே தெரியாது. திடீரென்று எல்லாம் ஒன்றாகக் கவிழும். வேறொருவருக்குப் பேச்சு வரும், ஆனால் பதற்றத்தில் வாய் கட்டிப்போகும். இந்த மூன்றுக்கும் ஒரே வாட்ச் மருந்தாகாது.

கோத்தகிரிப் பக்கத்துத் தம்பி ஒருவர் இருக்கிறார். டீக்கடையில் யார் கிடைத்தாலும் பஸ் ரூட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார், அதை நிறுத்த வழி இருக்கிறதா என்று வீட்டில் கேட்டார்கள். அவரைத் தனியாக உட்காரவைத்து, உங்களுக்கு எதில் உதவி வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “மழை பெய்தால் ஷட்டரை இறக்கிவிடுகிறார்கள். மிஸ்ட் வந்தால் கண்ணாடியும் தெரியாது. ஸ்டாப் வந்துவிட்டதா என்று கண்டக்டரிடம் கேட்கணும். எனக்குக் கேட்க வராது.” இந்த மலையில் வாழ்கிறவர்களுக்குத்தான் இது புரியும். ஆடி மாத மழையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்தால் வெளியே எந்த ஊர் போகிறது என்றே தெரியாது. போனில் அவருடைய ஸ்டாப்பைக் குறித்துவைத்து, அரைக் கிலோமீட்டர் இருக்கும்போது கையில் கட்டிய வாட்ச் அதிரும்படி செய்தோம். ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டதால் வழியில் டவர் போனாலும் வேலை செய்கிறது. இப்போது இறங்க வேண்டிய இடம் தவறிவிடும் என்ற பயம் இல்லை. அந்தப் பயம் போனதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் அவராகவே இரண்டு வார்த்தை பேசுகிறார்.

ஆகவே முதலில் கஷ்டம் எது என்று கண்டுபிடியுங்கள், அதையும் அவர் வாயால் கேளுங்கள். பேச்சு வராதவராக இருந்தால் எழுதியோ படம் காட்டியோ கேட்கலாம். கடைக்குப் போவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அவன் அதிகம் பேசும்போது, கையை உதறும்போது வாட்ச் அதிர்ந்து நிறுத்தச் சொல்லும்படி வைக்க முடியுமா?

முடியும். ஸ்மார்ட் வாட்ச் வருவதற்கு வெகு காலம் முன்பே, இடுப்பில் செருகும் பேஜர் போன்ற அதிர்வுக் கருவிகளை வைத்து இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ‘இப்போது எதிரில் இருப்பவரிடம் ஒரு கேள்வி கேள்’ என்று ஞாபகப்படுத்த ஓர் அதிர்வு. அவ்வளவுதான் அதன் தொழில்நுட்பம்.

அவரே கேட்டால் தாராளமாகச் செய்யுங்கள். வேலை நேர்காணலில் தான் நீட்டி முழக்கிவிடுவோமோ என்று கவலைப்படும் பெண் ஒருவர் இரண்டு நிமிடம் ஆனதும் வாட்ச் அதிரும்படி தனக்குத்தானே வைத்துக்கொள்கிறார், நன்றாகவே உதவுகிறது. மற்றவர்கள் அவருக்கு வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கையை உதறுவதும் முன்னும் பின்னும் ஆடுவதும் பல பேருக்குத் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி. அதைப் பிடுங்கினால் பதற்றம் வேறு பக்கம் வெடிக்கும். ஆட்டிசத்தை மறைத்து ‘நார்மல்’ மாதிரி நடித்துக்கொண்டே இருப்பவர்களுக்குக் களைப்பும் மனச்சோர்வும் அதிகம் என்று கடந்த பத்தாண்டு ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அந்த நடிப்புக்கு 24 மணி நேர மேஸ்திரியாக ஒரு வாட்ச்சைக் கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ச் ‘ஸ்ட்ரெஸ்’ என்று ஓர் எண் காட்டுகிறதே, அதை நம்பலாமா?

வாட்ச்சின் அடியில் பச்சை விளக்கு மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் தோலுக்கடியில் ரத்தம் கூடிக் குறைவதால், திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறையும். அதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலான நேரம் எப்படி மாறுகிறது என்று கணக்குப் போட்டு ‘ஸ்ட்ரெஸ்’ என்கிறது. ஆராய்ச்சிக்கான சில கைப்பட்டைகள் தோலின் மின்கடத்துதிறனையும் அளக்கும். உடம்பு உஷாரானால் கண்ணுக்குத் தெரியாத அளவில் வியர்க்கும், வியர்வை மின்சாரத்தைக் கடத்தும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோசலிண்ட் பிக்கார்டின் குழு இதில் பல வருடம் உழைத்திருக்கிறது.

இந்த அளவுகள் சொல்வது ஒன்றே ஒன்று: உடம்பு பரபரப்பாக இருக்கிறது. அது பயமா, கோபமா, ஆனந்தமா என்று அவற்றுக்குத் தெரியாது. எங்கள் மாணவர் ஒருவருக்கு மலை ரயில் என்றால் உயிர். மேட்டுப்பாளையத்திலிருந்து நீராவி எஞ்சின் தள்ளிக்கொண்டு குன்னூர் வரும், இங்கே அதைக் கழற்றிவிட்டு ஊட்டிக்கு டீசல் எஞ்சின் மாட்டுவார்கள். அந்த மாற்றத்தைப் பார்க்க ஸ்டேஷன் வேலியோரம் நிற்பார். எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு பக்கத்தில் வந்ததும் இரண்டு கையும் பறக்கும், முகமெல்லாம் சிரிப்பு. அதே நொடி வாட்ச் அதிர்ந்தது: ‘அழுத்தம் அதிகம், மூச்சை இழுத்து விடுங்கள்’. அவர் வாட்ச்சைக் கழற்றி அம்மா கையில் கொடுத்துவிட்டு மறுபடி எஞ்சினைப் பார்க்கத் திரும்பினார். அவர் செய்ததுதான் சரி.

மலையில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே வீட்டுக்குப் படியேறினால் யாருக்கும் துடிப்பு எகிறும். வாட்ச்சுக்கு ஏற்றமும் பதற்றமும் பல நேரம் ஒன்றுதான். குளிரில் தோலுக்கடியில் ரத்த ஓட்டம் சுருங்குவதால் பச்சை விளக்கின் அளவே தடுமாறும். ஸ்வெட்டர் கைக்கு மேல் வாட்ச் கட்டினால் ஒன்றுமே அளக்காது. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். சமவெளியில் இருப்பவர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு வாங்குகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக வீண் என்று சொல்ல மாட்டேன். தன் உணர்ச்சி என்ன என்று பிரித்துச் சொல்ல முடியாத நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இருப்பதாக 2019இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். பசியா, பதற்றமா, வயிற்றுவலியா என்றே தெரியாமல் தவிப்பவர்களுக்கு வெளியிலிருந்து ஓர் எண் கிடைப்பது பெரிய உதவி. அதே 2019இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள 20 சிறுவர்களும் இளைஞர்களும் கைப்பட்டை அணிந்திருந்தார்கள். அடுத்த ஒரு நிமிடத்தில் அவர்கள் ஆக்ரோஷமாவார்களா என்று முந்தைய மூன்று நிமிட அளவுகளை வைத்து ஓரளவு முன்னறிய முடிந்தது. எல்லோருக்கும் பொதுவாகப் போட்ட கணக்கைவிட ஒவ்வொருவரின் சொந்த அளவுகளை வைத்துப் போட்ட கணக்கு நன்றாகப் பலித்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

ஒரு மாதம் வாட்ச் கட்டட்டும். எண் ஏறும்போதெல்லாம் ‘அப்போது என்ன நடந்தது, எப்படி இருந்தது’ என்று அவரே ஒரு வரி குறிக்கட்டும். படியேறினேன், ரயில் வந்தது, அத்தை கட்டிப்பிடித்தார்கள், மிக்ஸி ஓடியது. மாதக் கடைசியில் அவருக்கு மட்டும் பொருந்தும் ஒரு பட்டியல் கையில் இருக்கும். சில பேர் அதற்குப் பிறகு வாட்ச்சையே கழற்றிவிடுகிறார்கள், தேவைப்படுவதில்லை.

எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்து உணர்ச்சியைச் சொல்லும் கண்ணாடி இருக்கிறதாமே?

இருந்தது, இன்னும் பல பேர் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு கூகுள் கிளாஸை வைத்து ஒன்று செய்தது. எதிரில் இருப்பவர் சிரித்தால், கோபப்பட்டால் கண்ணாடியின் ஓரத்தில் அதைச் சொல்லும். 2019இல் வந்த அவர்களின் ஆய்வில் 71 பிள்ளைகள் கலந்துகொண்டார்கள். வழக்கமான சிகிச்சையோடு கண்ணாடியையும் வீட்டில் பயன்படுத்தியவர்களிடம் பழகும் திறன் கொஞ்சம் முன்னேறியது. ஆனால் அவர்கள் 6 முதல் 12 வயதுக் குழந்தைகள். 22 வயதுக்காரருக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. கூகுள் நிறுவனமும் 2023 மார்ச்சில் அந்தக் கண்ணாடியின் விற்பனையை நிறுத்திவிட்டது.

எனக்கு இந்த வழியிலேயே மனம் ஒப்பவில்லை, காரணத்தைச் சொல்கிறேன். முகத்தை மட்டும் பார்த்து உள்ளே என்ன உணர்ச்சி என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்பது 2019இல் லீசா ஃபெல்ட்மன் பாரெட் உள்ளிட்ட உளவியலாளர்கள் நூற்றுக்கணக்கான ஆய்வுகளை அலசிச் சொன்ன முடிவு. நம் ஊரில் யோசித்துப் பாருங்கள். துக்க வீட்டில் வந்தவரைச் சிரித்து வரவேற்கிறோம். கடன் கேட்டு வந்தவரிடம் ‘பார்க்கலாம்’ என்று சிரித்துக்கொண்டே இல்லை என்கிறோம். கண்ணாடி இரண்டையும் ‘மகிழ்ச்சி’ என்றுதான் சொல்லும். அதை நம்பி நடந்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் அடி. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்த செயற்கை நுண்ணறிவுச் சட்டத்தில், வேலை இடத்திலும் கல்வி நிலையத்திலும் உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருள்களை மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர மற்றதற்குத் தடை செய்துவிட்டார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று மட்டும் பேசுகிறோம். மற்றவர்களுக்கும் அவரைப் புரிவதில்லை, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012இல் டேமியன் மில்டன் எழுதினார். அவர் ஆட்டிசம் உள்ள பிரிட்டிஷ் சமூகவியலாளர். பிறகு வந்த ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்கள் தங்களுக்குள் ஒருவர் சொன்னதை அடுத்தவருக்குக் கடத்தியபோது மற்றவர்கள் அளவுக்குத் துல்லியமாகவே கடத்தினார்கள். இரண்டு தரப்பும் கலந்திருந்தபோதுதான் தகவல் சிதைந்தது. அப்படியிருக்க, எல்லாக் கருவியையும் ஒருவர் மூக்கின் மேல் மட்டும் மாட்டுவது நியாயமாகப் படவில்லை.

கேமரா விஷயமும் உண்டு. எதிரில் இருப்பவரைக் கேட்காமல் படம் பிடிக்கும் கண்ணாடியோடு ஒரு இளைஞர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பேசுவதை எழுத்தாகக் காட்டும் வசதி உதவுமா?

கூட்டத்தில் பேச்சைப் பிரித்துக் கேட்க முடியாதவர்களுக்கு உதவும். கூகுளின் லைவ் டிரான்ஸ்கிரைப் செயலி தமிழையும் எழுதிக் காட்டும், போனிலேயே போதும். ஆனால் நம் மலையில் ஒரே மேசையில் தமிழ், படுகு, மலையாளம், ஆங்கிலம் நான்கும் கலந்து ஓடும். அப்போது அது தடுமாறிவிடும். ஒருவரோடு ஒருவர் தமிழில் நிதானமாகப் பேசும் இடத்தில், ஆஸ்பத்திரி, பேங்க் மாதிரி இடங்களில் பயன்படுத்துங்கள்.

காதுக்கு எது நல்லது?

நான் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்குவேன், ஏனென்றால் பலன் உடனே தெரியும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நுரை அடைப்பான் எல்லாச் சத்தத்தையும் சேர்த்து அமுக்கும், எதிரில் பேசுவதும் மங்கும். தூங்க, பயணம் செய்ய நல்லது. ஃபில்டர் வைத்த அடைப்பான்கள் சத்தத்தைச் சீராகக் குறைத்துப் பேச்சை ஓரளவு விட்டுவைக்கும். கடையில் வேலை செய்பவருக்கு இது பொருந்தும். கட்டட வேலைக்காரர்கள் போடும் காதுக் கவசம் விலை குறைவு, நன்றாகத் தடுக்கும், ஆனால் தலையை இறுக்கும். குல்லாவுக்கு மேல் போட்டால் இடைவெளி வழியே சத்தம் நுழையும்.

சத்தம் நீக்கும் இயர்பட்ஸ் வெளிச் சத்தத்தை மைக்கில் கேட்டு அதற்கு எதிரான அலையை உண்டாக்கி அடக்குகிறது. பஸ் எஞ்சின், ஜெனரேட்டர், தொழிற்சாலையில் இலை உலர்த்தும் காற்றாடி, இப்படி ஒரே சீராக ஓடும் தாழ்ந்த சத்தத்துக்கு அது பிரமாதம். குக்கர் விசில், ஏர்ஹார்ன், பட்டாசு எல்லாம் திடீரென்று வருவதால் அதனிடம் பெரிதாக எடுபடாது. 20,000 ரூபாய் கொடுத்து வாங்கிவிட்டு ‘ஹாரன் இன்னும் கேட்கிறதே’ என்பவர்களுக்கு இதுதான் பதில். இரண்டு வகைச் சத்தமும் தொந்தரவு என்றால், இயர்பட்ஸுக்குப் பதில் நல்ல கவசமே போதும்.

இரண்டு எச்சரிக்கை. அமைதியான வீட்டிலும் நாள் முழுக்கக் காதை அடைத்தே வைத்திருந்தால் காது சின்னச் சத்தத்துக்கும் கூசத் தொடங்கும். தேவையான இடத்தில் போட்டு, வீட்டுக்கு வந்ததும் கழற்றுவது நல்லது. இரண்டாவது நம் ஊருக்கே உரியது. தேயிலைத் தோட்டப் பாதையில், முக்கியமாகச் சாயங்காலம், காதை அடைத்துக்கொண்டு தனியாக நடக்கக் கூடாது. குன்னூர், கோத்தகிரிப் பக்கம் காட்டெருமையும் கரடியும் வீட்டு வாசலுக்கே வருகின்றன, கூடலூர், பந்தலூரில் யானை. புதர் சரசரப்பதும் ‘அங்கே போகாதீங்க’ என்று யாராவது கத்துவதும் காதில் விழுந்தாக வேண்டும். இயர்பட்ஸில் வெளிச்சத்தத்தை உள்ளே விடும் முறை இருக்கும். நடக்கும்போது அதற்கு மாற்றும் பழக்கத்தை வாசலைத் தாண்டும் முன்பே செய்யச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த மாதம் வீட்டில் கல்யாணம். எப்படித் தயார் செய்வது?

கல்யாண மண்டபம் எல்லாக் கஷ்டமும் ஒன்றாகக் கூடும் இடம். மைக் செட், இப்போது செண்டை மேளமும், கேமரா வெளிச்சம், பூ வாசனை, தொட்டுத் தொட்டுப் பேசும் சொந்தக்காரர்கள், ‘என்னை யாருன்னு தெரியுதா?’ என்று நிறுத்திவைத்துக் கேட்கும் பெரியப்பா.

எங்கள் மாணவி ஒருவர் தன் அக்கா கல்யாணத்துக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடு. முந்தின நாளே மண்டபத்துக்குப் போய்க் காலியாக இருக்கும்போது சுற்றிப் பார்த்தார். பின்கட்டில் ஸ்டோர் ரூம் பக்கத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது, அதைத் தன் இடமாக வைத்துக்கொண்டார். வாட்ச்சில் 25 நிமிடத்துக்கு ஒரு தரம் லேசாக அதிரும்படி டைமர். அதிரும்போதெல்லாம் தன்னிடம் மூன்று கேள்வி: சத்தம் தாங்குகிறதா, தண்ணீர் குடித்தேனா, பெஞ்சுக்குப் போகணுமா. பதில் எதுவானாலும் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று வீட்டில் முன்கூட்டியே பேசிவைத்தார்கள். போக வேண்டுமென்றால் சித்தி மகளுக்கு வாட்ச்சிலிருந்து ஒரே ஓர் எழுத்து அனுப்புவார், ‘போ’. அவள் வந்து ‘அக்கா கூப்பிடுறாங்க’ என்று எல்லோர் முன்னாலும் சொல்லி அழைத்துப் போவாள்.

தாலி கட்டும் நேரம்தான் பெரிய சோதனை, கெட்டி மேளம் இருக்கிறதே. முதல் வரிசைக்குப் பதில் கதவோரம் நின்றார், நகைக்குப் பொருத்தமாக வாங்கிய காது அடைப்பானோடு. பார்த்தார், அழுதார், அட்சதையும் போட்டார். மேடையில் போட்டோவுக்கு ஏறவில்லை; மறுநாள் வீட்டில் அக்காவோடும் அத்தானோடும் தனியாக எடுத்துக்கொண்டார்கள்.

இதில் வாட்ச்சின் பங்கு ஒரு டைமரும் ஒரு மெசேஜும்தான். அந்த மெசேஜைப் பார்த்ததும் எழுந்து வர ஒரு ஆள் இருந்தாள். அந்த ஆளை முதலில் ஏற்பாடு செய்யுங்கள்.

மே மாத சீசனில் மலர்க் கண்காட்சிக்குப் போக ஆசைப்பட்டாலும் இதே முறைதான். வார நாளில், வாசல் திறந்ததும் போய், கூட்டம் ஏறும் முன் வெளியே வந்துவிடுவது இன்னும் நல்லது.

நான் கணக்குப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். ஹெட்போன் போடலாமா என்று மேலாளரிடம் எப்படிக் கேட்பது?

எழுத்தில் கேளுங்கள், காரணத்தை வேலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். ‘எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பிரிண்டர் சத்தத்தில் எண்களில் தவறு வருகிறது. காது அடைப்பான் போட்டால் வேலை சரியாக நடக்கும். என்னை அழைக்க மேசையில் தட்டினால் போதும்.’ இவ்வளவு போதும், வாழ்க்கை வரலாறு வேண்டாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்துகொடுப்பது பற்றி அந்தச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. அரசு அலுவலகங்களுக்கு அது கட்டாயம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இட ஒதுக்கீட்டிலும் ஆட்டிசம் வருகிறது. போட்டித் தேர்வு எழுதப் போனால் மட்டும் கவனம்: தேர்வறைக்குள் ஸ்மார்ட் வாட்ச்சோ இயர்பட்ஸோ கொண்டுபோக முடியாது. நுரை அடைப்பானுக்குக்கூட விண்ணப்பிக்கும்போதே எழுதிக் கேட்டு, பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மகள் எங்கே இருக்கிறாள் என்று ஜிபிஎஸ் வாட்ச்சில் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மிஸ்ட் இறங்கிய சாயங்காலம், பஸ் வரவில்லை, போன் எடுக்கவில்லை என்றால் எந்தத் தாய்க்கும் உயிர் போய் உயிர் வரும்.

ஆனால் 18 வயது தாண்டியவரை அவருக்குத் தெரியாமல் பின்தொடர்வது தவறு. சட்டப்படியும் 18க்குப் பிறகு பெற்றோர் தானாகவே காப்பாளர் ஆகிவிடுவதில்லை. அதற்கு 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், எல்லோருக்கும் அது தேவையும் இல்லை. மகளோடு உட்கார்ந்து பேசுங்கள். ‘சொன்ன நேரம் தாண்டி அரை மணி ஆனால் மட்டும் பார்ப்பேன்’ என்று ஒப்பந்தம் போட்டு அதைக் காப்பாற்றுங்கள். அவரும் உங்கள் இருப்பிடத்தைப் பார்க்கும்படி வைத்தால் இன்னும் நல்லது.

நம் பள்ளத்தாக்குகளில் சிம் வாட்ச் பாதி வழியில் ஊமையாகிவிடும். வாட்ச்சுக்கு அவர் இருக்கும் இடம் தெரிந்தாலும் டவர் இல்லாமல் அதை அனுப்ப முடியாது. அதனால் சட்டைப் பையில் ஓர் அட்டை இருக்கட்டும். லண்டனின் கேட்விக் விமான நிலையத்தில் 2016இல் தொடங்கிய சூரியகாந்திப் பட்டை (வெளியில் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்வது) இப்போது பல நாடுகளில் அடையாளமாகிவிட்டது, இங்கே டிரைவருக்கோ போலீஸ்காரருக்கோ அது தெரியாது. தமிழில் எழுதுங்கள்: ‘எனக்கு ஆட்டிசம் உண்டு. பதற்றத்தில் பேச்சு வராது. தயவுசெய்து தொடாதீர்கள், கத்தாதீர்கள். கொஞ்ச நேரம் கொடுங்கள். இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.’ லேமினேட் செய்துவிட்டால் மழைக்கும் தாங்கும்.

வாட்ச் சேகரிக்கும் தகவல் யாரிடம் போகிறது?

பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் சர்வருக்கு. துடிப்பு, தூக்கம், போன இடம் எல்லாம் அந்தரங்கம். இந்தியாவில் 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது, ஆனால் முதல் பூட்டு நம் கையில்தான். வாங்கியதும் அமைப்புகளுக்குள் போய்ப் பகிர்வை நிறுத்துங்கள். பாஸ்வேர்டு அணிபவரிடம் இருக்கட்டும். தகவலை டாக்டரிடமோ ஆசிரியரிடமோ காட்டுவது அவர் விருப்பம். என்னிடம்கூட அவர் காட்டினால்தான் பார்ப்பேன்.

வாங்கிக் கொடுத்தோம், கட்டவே மாட்டேன் என்கிறார்.

பட்டையைப் பாருங்கள். ரப்பர் பட்டையில் வியர்வை தேங்கினால் பல பேருக்கு அரிக்கும், துணிப் பட்டை மாற்றினால் பிரச்சினை தீர்ந்துவிடும். அதிர்வே சிலருக்கு ஊசி குத்துவது மாதிரி. அதிர்வைக் குறைக்கலாம், வாட்ச்சைக் கையில் கட்டாமல் பாக்கெட்டில் வைக்கலாம். வாட்ஸ்அப், கிரிக்கெட் ஸ்கோர், விளம்பரம் என்று எல்லாவற்றுக்கும் அதிர்ந்துகொண்டிருந்தால் யார்தான் கட்டுவார்கள்? ஒரே ஒரு வேலைக்கு மட்டும் அதிரும்படி வைத்து, வீட்டில் பழகிய பிறகு வெளியே கொண்டுபோங்கள். அப்புறமும் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

செலவுக்கு உதவி கிடைக்குமா?

அடிப்படை வாட்ச் 2000 ரூபாய் அளவில் கிடைக்கிறது. டைமர், அதிர்வு, மெசேஜ் பார்ப்பது போன்ற வேலைகளுக்கு அது தாராளம். விலை உயர்ந்ததை யோசிக்கும் முன் நண்பரிடம் ஒரு வாரம் கடன் வாங்கிப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டையான யுடிஐடி இன்னும் எடுக்கவில்லை என்றால் ஊட்டியில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அந்த வேலையை முதலில் முடியுங்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடம் 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவ, தெரபிச் செலவுக்கு வழி இருக்கிறது.

இதெல்லாம் இருந்தால் தெரபியை நிறுத்தலாமா? மாத்திரை?

கூடாது. எந்த வாட்ச்சும் ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதில்லை, அப்படிச் சொல்லி விற்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். மருந்து விஷயத்தை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். வலிப்பைக் கண்காணிக்கவென்றே எம்பாட்டிகாவின் எம்பிரேஸ் கைப்பட்டைக்கு அமெரிக்க அரசு 2018இல் அனுமதி கொடுத்தது. அது வேறு, கடையில் வாங்கும் சாதா வாட்ச் வேறு. வலிப்பு உள்ளவர்கள் நரம்பியல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் மளிகைக் கடைக்கு ஹெட்போன் போட்ட இளைஞர் ஒருவர் வருகிறார். கூப்பிட்டால் திரும்புவதில்லை. நான் எப்படி நடந்துகொள்வது?

கேட்டதற்கு நன்றி. இந்தக் கேள்வி அதிகம் வர வேண்டும்.

ஹெட்போன் போட்டிருப்பதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அது இருப்பதால்தான் அவரால் உங்கள் கடைக்குள் நிற்க முடிகிறது. முதுகில் தட்டாமல் அவர் கண்ணில் படும்படி வந்து கையை அசையுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அரை கிலோவா, ஒரு கிலோவா?’ பதில் வரப் பத்து விநாடி ஆகலாம். அதற்குள் அதே கேள்வியை வேறு மாதிரி மாற்றிக் கேட்டால் அவர் மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். போனில் எழுதிக் காட்டினால் வாங்கிப் படியுங்கள். தொகையைச் சொல்வதோடு கால்குலேட்டரிலும் காட்டுங்கள். கூட்டம் இல்லாத நேரம் எது என்று அவரிடமோ அவர் அம்மாவிடமோ சொல்லிவையுங்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கடை காலி என்றால் அந்த நேரத்துக்கே வந்துவிடுவார்.